குன்னூரில் ஃபேன் கிடையாது

திரையில் இருபத்தேழு சதவீதம். மணி ஒன்று ஐம்பது. டேபிள் ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது, பிள்ளையைப் பார்த்து அல்ல, இதை எனக்கு நானே எத்தனையாவது தடவையாகச் சொல்லிக்கொள்கிறேன், பத்து இருக்கும், பிள்ளையைப் பார்த்து அல்ல. பிள்ளை கட்டிலில் சுவரோரமாக மல்லாந்து கிடக்கிறாள், கை இரண்டும் தலைக்கு மேலே, யாரோ துப்பாக்கி காட்டிய மாதிரி, கழுத்து மடிப்பில் வேர்க்குரு, நெற்றி முடி ஈரத்தில் ஒட்டிக்கிடக்கிறது. மேலே சீலிங் ஃபேன் ஓடத்தான் செய்கிறது, ஆனால் எங்கள் வீட்டுக்கு மேலே வேறு வீடு கிடையாது, மொட்டை மாடிதான், தூத்துக்குடி வெயில் காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து சூட்டையெல்லாம் தளத்தில் இறக்கிவைத்திருக்கிறது, அதைத்தான் சீலிங் ஃபேன் எங்கள் தலையில் தள்ளுகிறது. டேபிள் ஃபேன் அப்படியில்லை, ஜன்னல் பக்கத்து நிழலிலிருந்து காற்றை எடுத்துக் கொடுக்கும். ஈவா பிறந்தபோது அப்பா வாங்கிக்கொடுத்தது, நீல இறக்கை, அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் எழுதியே கொடுத்தார், பேத்திக்கு என்று. பேத்தியின் ஃபேன் இப்போது தரையில், கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பக்கத் தகட்டைக் கழற்றி வைத்த சிபியுவின் திறந்த வயிற்றுக்குள் ஊதுகிறது. மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் சாளை மீன் குழம்பை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, கைகூட சரியாகத் துடைக்காமல் அதன் முன்னால் முழந்தாள் போட்டார், கோயிலில்கூட அவ்வளவு பக்தியாக நான் பார்த்ததில்லை. "பிரிசி, மவுஸைக்கூடத் தொட்டுராத. நீ தொட்டா அது உனக்கு வேலை செய்யப் போயிரும், இந்தக் கணக்கு பின்னால நிக்கும்." சரி, ஃபேன், என்றேன். "ஃபேன் அங்கதான் இருக்கணும். இன்னைக்குச் சங்கதியே அந்த ஃபேன்தான்ட்டி." பிள்ளைக்கு, என்றேன். அண்ணாந்து பார்த்தார். "மேல ஓடுதுல்லா." சரியாக ஒன்று இருபதுக்குக் கணக்கை ஓடவிட்டுவிட்டு, பாலிடெக்னிக் லேபுக்கு பைக்கை மிதித்துக் கிளம்பிவிட்டார், போகும்போது பிள்ளையின் பாதத்தில் ஒரு முத்தம், திரையை ஒரு பார்வை. எது முதலில்? பார்வைதான் முதலில். நான் கவனித்தேன். இப்படியெல்லாம் கவனிக்கிறவள் ஆகிவிட்டேன் நான்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும். கல்லூரியில் படிக்கும்போதே ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது, உடம்புக்குள்ளே இருக்கிற புரதம் என்கிற நூல் எப்படி எப்படியெல்லாம் முடிச்சு விழுந்து மடங்கும் என்று, அது ஒரு கம்ப்யூட்டரில் அடங்காதாம், அதனால் துண்டு துண்டாக வெட்டி, விருப்பப்பட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நெட் வழியாக அனுப்புகிறார்கள். சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் அந்தத் துண்டைப் போட்டுத் திருப்பி அனுப்பும். யாரும் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை, பாயின்ட்தான். அதில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், ஒரே துண்டை இரண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் போட வேண்டும், இரண்டு விடையும் கடைசிப் புள்ளி வரை ஒத்துப்போனால்தான் இரண்டு பேருக்கும் பாயின்ட். ஒருவர் முடித்துவிட்டால் மற்றவர் முடிக்கிற வரை அவர் பெயருக்கு எதிரே 'காத்திருக்கிறது' என்று நிற்கும். அதுவும் ஒரே வகை ப்ராசஸர் உள்ளவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்களாம். ஏன் என்று கேட்டேன், கல்யாணமான புதிதில், அப்போது கேட்பேன். "ஆஸ்பத்திரி தெர்மாமீட்டர் ஒண்ணு காட்டும், வீட்டுத் தெர்மாமீட்டர் ஒண்ணு காட்டும்லா, அந்த மாதிரி கடைசிப் புள்ளில வித்தியாசம் வந்துரும். ஒரே வகைல வச்சுப் பாத்தாத்தான் பொருந்தும்." எங்கள் வீட்டு ப்ராசஸர் ரொம்பப் பழசு, அந்த வகை இன்னும் ஓடுகிற வீடுகள் உலகத்தில் ஏழெட்டுதானாம். அந்த ஏழெட்டில் ஒன்று குன்னூரில் இருக்கிறது. அதனால் இவர் போடுகிற துண்டில் பாதிக்குமேல், ஜோடியாக, அந்தப் பெயர்தான் வருகிறது. செம்பருத்தி. படம் கிடையாது, ஒரு செம்பருத்திப் பூ. இவருக்கு அங்கே முத்துக்குளி என்று பெயர். முத்துக்குளி, செம்பருத்தி. செம்பருத்தி, முத்துக்குளி. பக்கம் பக்கமாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

முப்பத்தாறு. பிள்ளை உதட்டைச் சப்புகிறாள், கனவில் பால். ஒரே வகை ப்ராசஸர், ஒரே துண்டு, ஆனால் குன்னூரில் ஒரு மணி ஐம்பது நிமிஷம், எங்கள் வீட்டில் இரண்டு மணி இருபது. இந்த அரை மணி நேரம் இவரை ஒரு மாதமாக அரித்துவிட்டது. இந்தக் கணக்குப் போடுகிறவர்களுக்கென்று இருக்கிற நெட் குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி அட்டவணை போட்டார்கள், இதற்காகவே இரண்டு பேரும் ஒரு நேரத்துக்கு ஒரு துண்டுதான் வாங்குவது, வாங்கியதும் ஓட்டுவது என்று பேசிவைத்துக்கொண்டார்கள். பேசிவைத்துக்கொண்டார்கள். "அரை மணி நேரம், பிரிசி! எங்கதான் போகுது?" என்று பர்ஸைத் தொலைத்தவர் மாதிரி வீட்டுக்குள்ளே நடப்பார். அரை மணி நேரங்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு எனக்கு எட்டு பத்து போகிறது, என்னை யாரும் கேட்பதில்லை. கடைசியில் சூடுதான் காரணம் என்று முடிவு செய்தார். சூடு ஏறினால் ப்ராசஸர் கருகிவிடாமல் இருக்கத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளுமாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பரிவு இருந்தது, பாவம், தன்னைத்தானே மெதுவாக்கிக்கிடுது என்று. நானும்தான் மெதுவாக இருக்கிறேன் இப்போதெல்லாம், அத்தனைக்கும் காரணம் கேட்டால் நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுதே என்கிறார். "குன்னூர்ல ஃபேனே கிடையாதாம் பிரிசி. செம்பருத்தி மேடம் எழுதியிருந்தாங்க. அங்க கடையிலயே டேபிள் ஃபேன் விக்கிறதில்லயாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்னொரு நாள், 'முத்துக்குளி சார், முதல்ல உங்க சிபியுவோட ஸ்வெட்டரைக் கழட்டுங்க' என்று அந்த அம்மா எழுதியிருந்ததை வாசித்துக் காட்டும்போதே புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார், நான்தான் தலையில் தட்டினேன். நான் கடைசியாகச் சொன்ன எதற்கு இவர் புரையேறச் சிரித்தார்? யோசித்துப் பார்க்கிறேன். நான் இப்போதெல்லாம் சொல்கிறவை: பால் பொங்குது பாருங்க. சத்தம் போடாதீங்க, இப்பத்தான் தூங்குனா. தொட்டுப் பாருங்க, சூடா இல்ல? இதில் சிரிக்க என்ன இருக்கிறது. அவள் வீடு எப்படி இருக்கும். மர ஜன்னல், கண்ணாடி வேர்த்திருக்கும், அவள் வேர்க்கமாட்டாள். கைநீள ஸ்வெட்டர், கையில் டீ, டீ ஆறுவதற்குள் குடிக்கக் கொடுத்துவைத்தவள். அவள் வீட்டில் குழந்தை இருந்தால், அதன் கழுத்தில் வேர்க்குரு இருக்காது, அதற்குக் காய்ச்சல் வந்தால்கூட ஊர்க் குளிரே இறக்கிவிடும். ஒரு ஊர்மேல் பொறாமைப்பட முடியுமா. முடிகிறது. மலைமேல், அதன் மேகத்தின்மேல், அங்கே விற்காத டேபிள் ஃபேன்கள்மேல்.

நாற்பத்தைந்து, மணி இரண்டு பத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த வேகத்தில் போனால் மூன்று பத்துக்கு முடியும், ஒரு மணி ஐம்பது நிமிஷம், அச்சாக அவளுடைய நேரம். ஃபேன் வேலை செய்கிறது. பிள்ளையின் காற்று அதற்குள்ளே போய், எங்கள் வீட்டைக் குன்னூர் ஆக்கிக்கொண்டிருக்கிறது. அவள் முன்னாலேயே முடித்துவிட்டாள். சாப்பிடும்போது போனைப் பார்த்தபடி சொன்னார், "மேடம் அனுப்பிட்டாங்க. நமக்காகத்தான் வெயிட் பண்ணுதாங்க." நமக்காக. அந்த நம்மில் நான் இருக்கிறேனா? கான்வென்டில் எங்களுக்கு நூலகப் புத்தகம் எண்ணுகிற நாள் ஒன்று உண்டு, வருஷக் கடைசியில், சிஸ்டர் கொன்சாகா ஒவ்வொரு அலமாரிக்கும் இரண்டு பிள்ளைகளைப் போடுவார், ஒருத்தி எண்ணி முடித்துச் சீட்டில் எழுதி மடித்துவைத்துவிட்டுப் போன பிறகு மற்றவள் எண்ண வேண்டும், இரண்டு சீட்டும் ஒத்திருந்தால்தான் பெரிய நோட்டில் ஏற்றுவார். இவர் இந்தக் கணக்கைப் பற்றி முதல்முதலில் சொன்னபோது எனக்கு அந்த நூலகத்தின் வாசனைதான் வந்தது, பாச்சா உருண்டையும் பழைய பசையும். எனக்கு ஜோடி பிரதீபா. அவள் எதையும் வேகமாகச் செய்வாள், எனக்கு அவள்மேலும் பொறாமைதான், அவளுடைய ரிப்பன்கூட அவிழாது. ஒருமுறை நான் எண்ணவில்லை. அவள் மடித்துவைத்த சீட்டைப் பிரித்துப் பார்த்து அப்படியே எழுதினேன், இருநூற்றுப் பதினாலு. சிஸ்டர் இரண்டையும் பார்த்தார், ஒத்திருந்தது, ஆனாலும் என்ன தோன்றியதோ எழுந்துவந்து தானே எண்ணினார். இருநூற்றுப் பத்தொன்பது. பிரதீபாவும் தப்பு, நானும் தப்பு, ஆனால் ஒத்திருந்தது. சிஸ்டர் அடிக்கவில்லை. "தப்பா எண்ணினவளை நான் மன்னிச்சுடுவேன். நீ எதுக்காக எண்ணல?" என்று கேட்டார், எதுக்காக என்பதை அழுத்தி. எது செய்தாலும் அவருக்கு அந்தக் கேள்விதான், நல்லது செய்தாலும், எதுக்காகச் செஞ்ச. எண்ணுவதற்குப் பயம், அவள் எண்ணிக்கையோடு என்னுடையது ஒத்துவராமல் போய்விடுமோ என்று பயம், இதை எப்படிச் சொல்வது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். இவரும் ஒன்றுமில்லை என்கிறார். இவரைப் பெற்ற மாமியும். மூன்று சீட்டும் ஒத்திருக்கிறது. ஆனால் இவர் தானே எண்ணிப் பார்த்தாரா, இல்லை டாக்டர் சீட்டைப் பிரித்துப் பார்த்து எழுதினாரா?

அன்றைக்கு வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஈவாவுக்கு அப்போது ஒன்பது மாதம், காய்ச்சல் நூற்றி இரண்டு, மருந்து கொடுத்துத் தோளில் போட்டிருந்தேன், திடீரென்று கனமானாள், தூக்கம் என்று நினைத்தேன், தூக்கம் என்று நினைத்தேனே, முகத்தைப் பார்த்தால் கண் மேலே செருகியிருக்கிறது, வலது கை மட்டும் சடக் சடக்கென்று, கதவைத் தட்டுகிற மாதிரி. போனை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தை வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை நிமிஷம் இருந்துச்சும்மா?" தெரியவில்லை. ஒரு நிமிஷமா பத்து நிமிஷமா தெரியவில்லை, நான் மணி பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தேன். இவராக இருந்தால் விநாடியோடு சொல்லியிருப்பார். "காய்ச்சல்ல வர்ற வலிப்பு, சில பிள்ளைகளுக்கு வரும், அஞ்சு வயசு தாண்டினா போயிரும். சூடு ஏறாம பாத்துக்கோங்க, பயப்படாதீங்க." இரண்டும் ஒரே வாக்கியத்தில் சொன்னார், பார்த்துக்கோங்க, பயப்படாதீங்க. பயப்படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. அதிலிருந்து நான் எடுக்கிறேன் சூடு, அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து, காலையில், மத்தியானம், தூங்கும்போது, தூங்கி எழுந்ததும். மாமி போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது, விழட்டும் என்றுதான் சொன்னார்கள், "ஊர்ல இல்லாத பிள்ளையப் பெத்துட்டா, கம்புக்கூட்டுலருந்து அந்தக் கண்ணாடிக் குச்சிய எடுக்கவே மாட்டேங்கா." இப்போதும் எடுத்தேன். தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. அது காய்ச்சல் இல்லை. எனக்கே தெரியும் காய்ச்சல் இல்லை. இப்போது ஃபேனைத் திருப்பினால் நாளைக்கு எல்லோரிடமும் இவர் சொல்லிச் சிரிப்பார், கெட்ட எண்ணத்தில் அல்ல, இவருக்குக் கெட்ட எண்ணம் வராது, தொண்ணூத்தொம்போதுக்குப் பயந்துட்டா பிரிசி என்று. அந்தக் குழுவிலும் எழுதுவார், வீட்டுக்காரம்மா ஃபேனை எடுத்துட்டாங்க, மறுபடி ஓட்டணும் என்று. அதற்கு அவள் ஒரு சிரிப்புப் பொம்மை போடுவாள். வீட்டுக்காரம்மா. மஞ்சள் முகம், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை. வேண்டாம். ஃபேன் அங்கேயே இருக்கட்டும்.

அறுபத்துநாலு. மவுஸைத்தான் தொடக் கூடாது, என் போனைத் தொடலாம். இவர் கணக்குப் பக்கத்தை என் போனிலும் ஒருமுறை திறந்துகொடுத்திருக்கிறார், நீயும் பாரு என்று, அப்போது நான் பார்க்கவில்லை, இப்போதுதான் ஒரு வாரமாகப் பார்க்கிறேன், இவர் தூங்கிய பிறகு, பாலுக்கு எழுந்திருக்கும்போது, திருடி மாதிரி. எல்லாம் இங்கிலீஷ், கான்வென்ட் படிப்பு இதற்காவது உதவட்டும். அவள் பெயரைத் தொட்டால் அவள் இதுவரை போட்ட துண்டுகள் வரிசையாக வருகின்றன, இவரும் இதைத்தான் பார்ப்பார், ஆனால் இவர் பார்ப்பது கடைசிக் கட்டத்தை மட்டும், ஓடிய நேரம், ஒரு மணி ஐம்பது, ஒன்று நாற்பத்தொன்பது, ஒன்று ஐம்பத்தொன்று. நான் முதலிலிருந்து வாசிக்கிறேன், எதையும் முதலிலிருந்து வாசி என்பார் சிஸ்டர். அவளுக்கு அனுப்பியது காலை எட்டு ஐந்து. அவளிடமிருந்து திரும்பி வந்தது மத்தியானம் ஒன்று ஐந்து. ஓடிய நேரம் ஒரு மணி ஐம்பது. மறுபடி வாசித்தேன். எட்டிலிருந்து ஒன்று வரை ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரம் கையில் வைத்திருந்து இரண்டு மணி நேரம்கூட ஓட்டவில்லை. நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும். பத்து வரியும் அப்படியே, எட்டுக்கு வாங்குகிறாள், ஒன்றுக்குக் கொடுக்கிறாள், நடுவில் மூன்று மணி நேரம் காணவில்லை. எங்களுடையதைப் பார்த்தேன், ஆறு பத்துக்கு வந்து எட்டரைக்குப் போயிருக்கிறது, ஓடியது இரண்டு மணி இருபது, நடுவில் ஒரு நிமிஷம்கூட ஓட்டை கிடையாது. அப்படியென்றால் அவள் நிறுத்துகிறாள். கொஞ்சம் ஓட்டுகிறாள், நிறுத்துகிறாள், அப்புறம் ஓட்டுகிறாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கும் போல. ஒன்றும் அழிந்துபோகவில்லை. சமைப்பதற்காக நிறுத்துகிறாளா, யாராவது சத்தம் பொறுக்காமல் படுத்திருக்கிறார்களா, கரன்ட் பில்லுக்கு யாராவது திட்டுகிறார்களா, இல்லை சும்மா, தோன்றியபோது, ஒரு விரலால். அந்தப் பெட்டி மூச்சு வாங்கி, ஆறி, மறுபடி எழுந்து புதிதாக ஓடுகிறது. அதனால்தான் அதற்குச் சூடே ஏறவில்லையோ என்னவோ. குளிரும் இல்லை மலையும் இல்லை, ஓய்வு. இவர் ஒரு மாதமாகத் தேடுகிற அரை மணி நேரம் என் கையில், போன் வெளிச்சத்தில், என் கட்டைவிரலுக்குக் கீழே கிடக்கிறது. இதைச் சொன்னால் இவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னைத் தூக்கிச் சுற்றுவார். சுற்றிவிட்டு, இறக்கிவிட்டு, உடனே அவளுக்கு எழுத உட்காருவார்.

எண்பத்திரண்டு. இரண்டு ஐம்பது. அவள் நிறுத்துகிறாள் என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஸ்வெட்டர் இருக்கட்டும், டீ இருக்கட்டும், புரையேறச் சிரிக்க வைக்கிறாள், அதுவும் இருக்கட்டும், நிறுத்துகிறாளே. யாரையும் கேட்காமல். நான் என் வீட்டில், என் பிள்ளையின் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரமாகக் கை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன், தொடாதே என்று சொன்னார் என்பதற்காக. கரன்ட் போச்சு என்று சொல்லலாம். யூபிஎஸ் பேட்டரி செத்து நாலு மாதம், கரன்ட் போனால் போனதுதான், இவர் எதுவும் சொல்ல முடியாது, மின்வாரியத்தைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். ஆனால் எதுக்காக? சிஸ்டர் கேட்கிறார். பிள்ளைக்காக என்று சொன்னால் பாதி உண்மை, இவர் அவளுடைய நேரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக என்று சொன்னால் மற்றப் பாதி, எந்தப் பாதி பெரிய பாதி என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மூன்று பத்துக்கு இவர் அந்த நேரத்தைத் தொட்டதும், இன்றைக்கு ராத்திரி குழுவில் எழுதுவார், உங்க நேரத்தைப் பிடிச்சிட்டேன் மேடம். பிடிச்சிட்டேன். அந்த வார்த்தையைத்தான் போடுவார், அதில் ஒன்றுமிருக்காது, ஒன்றுமில்லாமலே நான் அதை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. இரண்டு புள்ளி கூடியிருக்கிறது. கம்புக்கூட்டு வேர்வையில் அப்படிக் காட்டும், தெரியும். எண்பத்தேழு. பிள்ளையின் இமைக்குள்ளே கண் ஓடுகிறது. எண்பத்தொன்பது. தலையான பாவங்கள் ஏழு, வரிசையாகச் சொல்லுங்கள் பிள்ளைகளே என்பார் சிஸ்டர், நான் எப்போதும் பொறாமையில் வந்து ஒருமுறை தடுக்குவேன், மற்ற ஆறும் கடகடவென்று வரும். தொண்ணூறு. மூன்று மணி ஆகிவிட்டது, இனி பத்து நிமிஷம், யாராலும் பத்து நிமிஷம் சும்மா உட்கார முடியும், தொண்ணூற்றொன்று, அப்போதுதான் ஈவாவின் வலது கை சடக்கென்று ஒருதரம் தூக்கிப்போட்டது.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தொடாதே என்ற மவுஸ் என் கைக்குள்ளே இருந்தது, நிறுத்திவைக்கிற பொத்தானை அமுக்கிவிட்டேன், வாளியிலிருந்து ஃபேனைத் தூக்கினேன், வயர் இழுத்துக்கொண்டு வந்தது, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துப் பிள்ளையைப் பார்க்கத் திருப்பிவிட்டு, மணியைப் பார்த்தேன், இந்தத் தடவை மணியைப் பார்த்தேன், மூன்று, கையைப் பிடித்தேன், கண்ணைத் திறந்து பார்த்தேன், கண் நேராக இருந்தது, கோபமாக, என்னை யாரடி எழுப்புவது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தூக்கத்தில் தூக்கிப்போடுவது. எல்லாப் பிள்ளைக்கும் போடும். எனக்குக்கூடப் போடும். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அறையில் ஏதோ குறைந்திருந்தது, என்ன என்று யோசித்தால், சத்தம். சிபியுவுக்குள்ளே இருக்கிற குட்டி ஃபேன்கள் மூச்சு இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு முனகலாகத் தேய்ந்திருந்தன. திரையில் தொண்ணூற்றொன்று அப்படியே நிற்கிறது. இந்த நேரம் பார்த்து ஒரு கேள்வி வருகிறது, எதற்குமுன் எது? கை சடக்கென்று போட்டதா முதலில், என் கை மவுஸுக்குப் போனதா முதலில்? நான் தொண்ணூற்றொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கையை ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தேனா? எழுந்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். இல்லை. எழுந்திருந்தேன்.

மூன்று பத்துக்குப் போன் அடித்தது, மூன்று பத்துக்குத்தான் அடிக்கும் என்று தெரியும்.

"என்ன பிரிசி, முடிஞ்சிட்டா? இங்க இன்னும் வரலியே."

"முடியல."

"எத்தனைல நிக்கு?"

"தொண்ணூத்தொண்ணு."

"ச்சே! கரன்ட் போச்சா?"

பொய்க்கான கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் நுழைந்தால் போதும். லேபில் யாரோ ஒரு பையன், சார் பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்கு சார் என்கிறான், இரு வாரேன் என்கிறார்.

"கரன்ட் போகல. நான்தான் நிறுத்துனேன்."

நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு குரல் மாறியது. "பிள்ளைக்குக் காய்ச்சலா? எத்தனை?"

இன்னொரு கதவு.

"காய்ச்சல் இல்ல. தொண்ணூத்தொம்போது புள்ளி நாலு. தூக்கத்துல கையத் தூக்கிப்போட்டா. ஒண்ணுமில்ல."

"பின்ன என்னத்துக்குட்டி நிறுத்துன? இன்னும் பத்து நிமிஷம்தான இருந்திருக்கும்!"

"பத்துதான்."

"அந்தப் பத்து நிமிஷம் பொறுக்க முடியலியா உனக்கு?"

"பொறுக்க முடியல. பொறாமையா இருந்துச்சு."

சிரித்தார், சிரிக்கிற விஷயமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார். "யாரு மேல? சிபியு மேலயா?"

"அது மேலயும்."

"பிரிசி, அந்த மேடம் யாருன்னே எனக்குத் தெரியாது. நேர்ல பாத்தாக்கூடத் தெரியாது."

"தெரியாதவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசுதீங்க. தெரிஞ்சவகிட்ட, மேல ஓடுதுல்லான்னுட்டுப் போறீங்க."

இது எப்போது எனக்குள்ளே தயாராகியிருந்தது என்று தெரியவில்லை, குரல்கூட உயரவில்லை. அந்தப் பக்கம் பாஸ்வேர்டுப் பையன் மறுபடி கூப்பிட்டான். லேபில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே முப்பது கம்ப்யூட்டருக்கு இரண்டு ஏசி. இவருக்கும் அது இப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"ஃபேன் இப்ப எங்க இருக்கு?"

"அவ பக்கம்."

"அங்கயே இருக்கட்டும்," என்றார். அப்புறம், ரொம்பச் சின்னக் குரலில், தன்னால் அடக்க முடியாமல், "பிரிசி, கோவப்படாத, ஒண்ணே ஒண்ணு. தொண்ணூத்தொண்ணு வாரப்ப மணி என்ன?"

"மூணு," என்றேன். விநாடியோடு சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"மூணு... ஒண்ணு இருபதுல இருந்து நூறு நிமிஷம்... அப்ப சரியா வந்திருக்கும்," என்றார். முனகிக்கொண்டார். "சரி வை. சாயங்காலம் சீக்கிரம் வாரேன்."

வைத்துவிட்டேன். சரியா வந்திருக்கும் என்றாரே தவிர, ஒரே மூச்சில் ஓடி வந்துவிட்டது என்று இனி யாருக்கும் எழுத முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவத்தையும் சொன்ன பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கிற மாதிரி. எல்லாவற்றையும் சொன்னேன், கரன்ட் போகவில்லை என்று சொன்னேன், காய்ச்சல் இல்லை என்று சொன்னேன், வாயைத் திறந்து பொறாமை என்றே சொன்னேன், வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் தடுக்காமல் சொன்னேன். அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் சொல்லவில்லை. எட்டுக்கு வாங்கி ஒன்றுக்குக் கொடுக்கிறாள், நடுவில் நிறுத்துகிறாள், அதனால்தான் ஆறிப்போகிறது, அரை மணி நேரம் அங்கேதான் கிடக்கிறது என்று ஒரு வாக்கியம், நாக்கின் நுனி வரை வந்தது, இவருக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்திருக்கும். ஒரு நாள் இவரே முதலிலிருந்து வாசித்துக் கண்டுபிடிக்கட்டும். இல்லையென்றால் தேடிக்கொண்டே இருக்கட்டும். ஈவா புரண்டு படுக்கிறாள், ஃபேன் பக்கமாக, நெற்றியில் ஒட்டியிருந்த முடி ஒவ்வொன்றாகக் காய்ந்து எழுகிறது, எழுந்து ஆடுகிறது. இப்போது போய் அந்தப் பொத்தானைத் திரும்ப அமுக்கினால் மிச்சமிருக்கிற ஒன்பது சதவீதமும் ஓடி முடிந்துவிடும், விடையும் ஒத்துப்போகும், இரண்டு பேருக்கும் பாயின்ட் விழும், அதெல்லாம் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. போனில் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொருமுறை திறந்து பார்த்தேன். செம்பருத்தி, குன்னூர், காத்திருக்கிறது.

காத்திருக்கட்டும்.